போர்டில் புரிகிறது, நோட்டில் வரவில்லை

கேள்வி: அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 42 பிள்ளைகள், 40 நிமிட பீரியட், ஒரு புரொஜெக்டர், என் போன். இவ்வளவுதான் வசதி. ‘நான் செய்கிறேன், நாம் செய்வோம், நீ செய்’ என்று பொறுப்பைப் படிப்படியாகப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முறையில் வேற்றினப் பின்னங்களின் (கீழே உள்ள பகுதி எண் வெவ்வேறாக இருக்கும் பின்னங்கள்) கூட்டலை நடத்தினேன். போர்டில் செய்யும்போது எல்லாரும் கோரஸாகப் பதில் சொல்கிறார்கள். தனியாகச் செய்யச் சொன்னால் பாதிப் பேர் 2/3 + 1/4 = 3/7 என்று எழுதுகிறார்கள். பயிற்சிக் கணக்குகளை சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கித்தான் கொடுக்கிறேன். வீட்டுப்பாடத்தைச் சிலர் அப்பாவின் போனில் ஏஐயிடம் கேட்டு அப்படியே எழுதி வருகிறார்கள். இந்த முறையில் ஏஐயை எந்த இடத்தில் வைத்துக்கொள்வது?
— ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

முதலில், அந்தக் கோரஸை நம்பாதீர்கள். முன் பெஞ்சில் நாலு பேர் ‘பன்னிரண்டு’ என்று சொன்னால் அரை நொடியில் வகுப்பே ‘பன்னிரண்டு’ என்று சொல்லும். அதை வைத்து ‘புரிந்துவிட்டது’ என்று முடிவெடுத்து நோட்டைத் திறக்கச் சொன்னால் 3/7தான் வரும். உங்கள் விளக்கத்தில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. நடுவில் இருக்கும் ‘நாம் செய்வோம்’ என்ற படி குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். ஏஐ உங்களுக்கு அதிகம் உதவப் போவதும் அந்த இடத்தில்தான். அதுவும் முந்தின நாள் மாலை, உங்கள் கையில். பிள்ளைகள் கையில் அதற்கு இப்போதைக்கு வேலை இல்லை.

இந்த முறைக்குப் ‘பொறுப்பைப் படிப்படியாக ஒப்படைத்தல்’ என்று பெயர் வைத்தவர்கள் டேவிட் பியர்சன், மார்கரெட் கல்லாகர் என்ற கல்வி ஆய்வாளர்கள். 1983இல், வாசித்துப் புரிந்துகொள்வதைக் கற்பிப்பது பற்றி எழுதும்போது வைத்த பெயர் அது. ஆசிரியர் தோளில் இருக்கும் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் தோளுக்கு மாறுகிறது என்பதுதான் கருத்து. டக்லஸ் ஃபிஷர், நான்சி ஃப்ரே என்ற இன்னும் இரண்டு ஆய்வாளர்கள் பிறகு ‘நீங்கள் சேர்ந்து செய்யுங்கள்’ என்று பிள்ளைகள் தங்களுக்குள் செய்யும் படி ஒன்றைச் சேர்த்தார்கள். உங்கள் கடிதத்தில் அந்தப் படி இல்லை. 42 பேர் உள்ள வகுப்பில் அதை விடவே கூடாது.

‘நான் செய்கிறேன்’ பகுதிக்குப் பத்து நிமிடம் போதும். ‘2/3 + 1/4 எப்படிக் கூட்டுவது’ என்று ஏஐயிடம் சும்மா கேட்டால் படி 1, படி 2 என்று செய்முறை வரும். அது புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளைக்குத் தெரிய வேண்டியது, கணக்கைப் பார்த்ததும் உங்கள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பது. அதனால் இப்படிக் கேளுங்கள்:

“நான் தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு ஆசிரியர். 2/3 + 1/4 கணக்கைப் போர்டில் போடும்போது வாய்விட்டு யோசிப்பதுபோல் எழுது. தொகுதி, பகுதி, வேற்றினப் பின்னம், மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) ஆகிய சொற்களையே பயன்படுத்து. கூட்டுவதற்கு முன் விடை எவ்வளவு வரும் என்று உத்தேசமாகச் சொல். 3/7 என்று எழுதத் தோன்றுவதையும் அது ஏன் பொருந்தாது என்று கண்டுபிடிப்பதையும் சேர். பத்து வாக்கியத்துக்குள் முடி. மாணவர்களிடம் கேள்வி கேட்காதே.”

கடைசி வாக்கியம் அவசியம். இந்தப் பகுதியில் கேள்வி கேட்டால் பிள்ளைகள் யோசிப்பதைக் கவனிக்காமல் விடையை ஊகிக்க ஆரம்பித்துவிடுவார்கள், கோரஸ் திரும்ப வந்துவிடும். கலைச்சொற்களை நீங்களே கொடுப்பதற்கும் காரணம் உண்டு. மீச்சிறு பொது மடங்கு சில பாடநூல்களில் மீ.சி.ம, சிலவற்றில் மீ.பொ.ம, இலங்கைப் புத்தகங்களில் பொ.ம.சி. ஏஐ மூன்றையும் கலந்து எழுதிவிடலாம், சில நேரம் தானாக ஒரு சொல்லையும் உண்டாக்கலாம்.

வந்த பதிலைப் பார்த்து வாசிக்க வேண்டாம். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்றுதான்: “2/3 பாதிக்கு மேல். அதோடு இன்னும் 1/4 சேர்க்கிறேன். 3/7 பாதிகூட இல்லையே. கூட்டின பிறகு எப்படிக் குறையும்?” இதை ஒரு பிள்ளை தானாகக் கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. நம்பாத பிள்ளையிடம் தோசையைக் கொண்டுவாருங்கள். அரை தோசையும் அரை தோசையும் சேர்ந்தால் ஒரு முழு தோசை. மேலேயும் கீழேயும் கூட்டினால் 2/4 வரும், அது மறுபடியும் அரை தோசைதான்.

படத்தை மட்டும் ஏஐயிடம் கேட்காதீர்கள். பின்னப் படங்களில் அது பாகங்களைச் சமமில்லாமல் பிரித்துவிடலாம், எண்ணிக்கையும் தப்பலாம். போர்டில் நீங்களே ஒரே அளவில் இரண்டு செவ்வகம் போடுங்கள். இரண்டிலும் நெடுக்கில் 3, குறுக்கில் 4 பாகம், ஆக 12 கட்டம். முதல் செவ்வகத்தில் இரண்டு நெடுவரிசைக்கு வண்ணம் தீட்டினால் 8 கட்டம், அதுதான் 2/3. இரண்டாவதில் ஒரு குறுக்கு வரிசைக்குத் தீட்டினால் 3 கட்டம், அதுதான் 1/4. பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

இனி நடுப்பகுதி. இதற்குப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். முழுதாகச் செய்து காட்டிய கணக்குக்கும் வெறும் கணக்குக்கும் இடையில் பாதி முடிந்த கணக்குகள் வர வேண்டும். கடைசி வரியை முதலில் காலியாக விடுங்கள், பிறகு அதற்கு முந்தின வரியையும் சேர்த்து. இப்படிப் பின்னாலிருந்து காலி செய்தால் பிள்ளை எப்போதும் முடிவைத் தன் கையால் தொடும். ஒரு தொகுப்பு இப்படி இருக்கலாம்:

1/2 + 1/3: மீ.சி.ம 6. 3/6 + 2/6 = 5/6. (முழுதும் உண்டு)
3/4 + 1/6: மீ.சி.ம 12. 9/12 + 2/12 = ___
1/3 + 2/9: மீ.சி.ம 9. ___ + ___ = ___
1/6 + 3/8: மீ.சி.ம ___. ___ + ___ = ___
2/5 + 1/3 = (ஒன்றும் இல்லை)

இதை உட்கார்ந்து யோசித்து எழுத அரை மணி நேரம் ஆகும். ஏஐ நொடியில் தரும், ஆனால் நிபந்தனை சொல்லாமல் கேட்டால் இரண்டு கோளாறு வரும். ஒன்று, 3/4 + 5/6 மாதிரி ஒன்றைத் தாண்டும் கணக்கையோ, 1/6 + 3/10 மாதிரி விடையைச் சுருக்க வேண்டிய கணக்கையோ நடுவில் போட்டுவிடும். பிள்ளை பகுதியைச் சமமாக்கச் சரியாகக் கற்றிருக்கும், 14/30ஐ 7/15 ஆக்கத் தெரியாமல் நிற்கும். பார்ப்பவருக்கு ‘இவனுக்குக் கூட்டலே வரவில்லை’ என்று தோன்றும். இரண்டாவது கோளாறு கொஞ்சம் மறைவானது. பகுதிகள் 2, 3 அல்லது 3, 5 என்று பொதுக் காரணி இல்லாத ஜோடியாகவே வந்துகொண்டிருந்தால், ‘கீழே இருப்பதைப் பெருக்கினால் போதும்’ என்று பிள்ளைகள் தாங்களாகவே ஒரு விதியை முடிவு செய்துகொள்வார்கள். அப்புறம் 4, 6 வரும்போது 24 என்று எழுதுவார்கள். அது தவறில்லை, ஆனால் விடை 22/24 என்று வந்து சுருக்க வேண்டியிருக்கும். ஆகவே கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்: விடை ஒன்றுக்குள் இருக்க வேண்டும், சுருக்கத் தேவைப்படக் கூடாது, பொதுக் காரணி இல்லாத ஜோடி, பொதுக் காரணி உள்ள ஜோடி, ஒன்று மற்றதன் மடங்காக உள்ள ஜோடி என மூன்றும் வர வேண்டும். வந்த பிறகு ஒவ்வொரு கணக்கையும் பேனாவால் நீங்களே போட்டுப் பாருங்கள். ஏஐ தந்த விடையைச் சரிபார்க்க அதே ஏஐயைக் கேட்பது சரிபார்ப்பு ஆகாது.

நடுப்பகுதி முடிந்ததும் ‘புரிந்ததா?’ என்று கேட்கும் இடத்தில் ஒரே ஒரு கணக்கை வையுங்கள். 3/5 + 1/4. விடைகள்: (1) 4/9 (2) 17/20 (3) 4/20 (4) 17/40. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சோடு ஒட்டி விரலைக் காட்ட வேண்டும். கண்ணை மூடினால் பக்கத்து விரலைப் பார்க்க முடியாது. ஏஐயிடம் ‘நான்கு விடை கொடு’ என்று கேட்டால் எங்கிருந்தோ மூன்று எண்ணை எடுத்துப் போடும். ‘ஒவ்வொரு தவறான விடையும் எந்தத் தவறான யோசனையிலிருந்து வருகிறது என்று பக்கத்தில் எழுது’ என்று கேட்டால்தான் உருப்படியாக வரும். மேலே உள்ளதில் 4/9 காட்டுபவர் மேலும் கீழும் கூட்டுகிறார், அவருக்குத் தோசையும் கட்டப் படமும் மறுபடி வேண்டும். 4/20 காட்டுபவர் பகுதியை மாற்றிவிட்டுத் தொகுதியை மறந்தவர். 17/40 காட்டுபவர் மாற்றுவது வரை சரியாக வந்து, கடைசியில் பகுதியையும் கூட்டிவிட்டவர், அவருக்கு ஒரு நிமிடம் போதும்.

ஐந்தில் நான்கு பேர், உங்கள் வகுப்பில் 34 பேர், சரியாகக் காட்டினால் அடுத்த படிக்குப் போகலாம். அதற்குக் கீழே என்றால் இன்னும் இரண்டு பாதிக் கணக்கு. முதல் நாள் பீரியட் இங்கேயே முடிந்துவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு நாள் பாடத்தை ஒரே நாளில் அடைக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலும் 3/7இல் கொண்டுபோய் விடுகிறது.

இரண்டாம் நாள், ஜோடிகளாக. 21 ஜோடி, 21 சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் வேறு யாரோ போட்டதுபோல் ஒரு கணக்கு. உதாரணத்துக்கு: 1/2 + 2/5 = 5/10 + 2/10 = 7/10. எந்த வரியில் தவறு, ஏன், சரியான விடை என்ன என்று இருவரும் பேசி எழுத வேண்டும். (2/5இன் பகுதி 10 ஆனது, தொகுதி 4 ஆகவில்லை. விடை 9/10.) ஏழு சீட்டில் இந்த வகைத் தவறு, ஏழில் மேலும் கீழும் கூட்டிய தவறு, மீதி ஏழில் தவறே இல்லாத கணக்கு. சரியான கணக்கு கலந்திருந்தால்தான் நிஜமாகச் சோதித்துப் பார்ப்பார்கள். இங்கே ஏஐயிடம் ஒரு விநோதம் உண்டு. தவறோடு எழுதச் சொன்னால் சில நேரம் நடுவில் தவறு செய்துவிட்டுக் கடைசியில் சரியான விடையை எழுதிவிடும், அல்லது 8 + 3 = 10 என்று யாரும் செய்யாத தவறைச் செய்யும். எந்த வரியில் எந்தத் தவறு, அது கடைசி விடைவரை தொடர வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

‘நீ செய்’ பகுதிக்கு நான்கு கணக்கு, நோட்டு, பென்சில், எட்டு நிமிட அமைதி. பீரியட் முடியும்போது கால் தாளில் ஒரே கணக்கு எழுதி வாங்குங்கள். அந்த 42 தாளையும் போட்டோ எடுத்து ஏஐயைத் திருத்த வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஆறாம் வகுப்புக் கையெழுத்தில் 1ஐயும் 7ஐயும் அது குழப்பிக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்றே கருதுகிறது, பெயரும் வகுப்பும் உள்ள தாளை வெளியே அனுப்புவது சரியில்லை. எல்லாவற்றையும்விட, ஒரே கணக்குள்ள 42 தாளைச் சரி, ஒரு இடத்தில் தவறு, தொடங்கவே இல்லை என்று மூன்று கட்டாகப் பிரிக்க உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகாது. யாருக்கு என்ன வரவில்லை என்பது உங்கள் கண் வழியாகத்தான் போக வேண்டும். பிரித்த பிறகு, பெயர் எதுவும் இல்லாமல் தவறின் வகையை மட்டும் சொல்லி ஒவ்வொரு கட்டுக்கும் நான்கு கணக்கு கேளுங்கள்.

முதல் நாளே சரளமாகப் போட்டுவிடும் ஐந்தாறு பேரைப் பாதிக் கணக்குகளில் கட்டிப்போடாதீர்கள். தெரிந்ததையே விளக்கினால் அவர்களுக்கு அது சுமை. தொகுதி 1ஆகவே உள்ள, வெவ்வேறான மூன்று பின்னங்களைக் கூட்டி 1 கொண்டுவரச் சொல்லுங்கள். 1/2 + 1/3 + 1/6 என்று கண்டுபிடிக்கும்வரை தலை நிமிர மாட்டார்கள்.

வீட்டு விஷயம். துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2024இல் வெளியானது. சாதாரண ஏஐ அரட்டையோடு பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். பிறகு அது இல்லாமல் தேர்வு எழுதியபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடை தராமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் வழிகாட்டலோடு அமைத்த ஏஐயில் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்குப் பதினொரு வயது. சாட்ஜிபிடியின் சொந்த விதியே 13 வயதுக்குக் கீழே கூடாது என்கிறது. அதனால் ‘வீட்டில் ஏஐயிடம் கேட்டுக்கொள்’ என்ற பேச்சே வகுப்பில் வேண்டாம்.

வீட்டுப்பாடத்துக்கு மார்க் போடுவதை நிறுத்துங்கள், காப்பியடிக்க இருக்கும் காரணத்தில் பாதி போய்விடும். பத்துக் கணக்குக்குப் பதில் இரண்டு கொடுங்கள், ஒன்றுக்குக் கட்டப் படமும் போட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் முதல் ஐந்து நிமிடம், எண்ணை மட்டும் மாற்றி அதே மாதிரி ஒரு கணக்கைச் சிலேட்டில் போடச் சொன்னால் யார் சொந்தமாகச் செய்தார்கள் என்பது யாரையும் விசாரிக்காமலே தெரிந்துவிடும். போட முடியாத பிள்ளையை அன்று மட்டும் மறுபடி பாதிக் கணக்குக்கு அழைத்து வாருங்கள்.

பெற்றோருக்கு டைரியில் இதை எழுதி அனுப்பலாம்: “இரண்டு கணக்குதான். தெரியாவிட்டால் எந்த வரியில் நின்றதோ அங்கே ஒரு கோடு போட்டு அனுப்புங்கள், இதற்கு மார்க் கிடையாது. போனில் பார்த்து எழுத வேண்டாம்.”