எழுதி வாங்கிக்கொண்டு

வணக்கம். உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை நான். போன வாரம் என் வகுப்புப் பையன் ஒருவன் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘நான் இல்லாவிட்டால் வீட்டில் ஒரு செலவு குறையும்’ என்று எழுதியிருந்தான். தலைமையாசிரியரிடம் காட்டினேன். அன்றே அவன் அம்மாவை வரவழைத்து, எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டோம். இப்படிப்பட்ட பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க மதிப்பெண் போடுகிற மாதிரி கேள்வித்தாள் இருக்கிறதா? நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுமா? செல்போனும் ஒரு காரணமோ?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

கடைசிப் பக்கம்வரை புரட்டினீர்களே, அதற்கே உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கேள்வித்தாள்கள் இருக்கின்றன. ஆனால் அந்த மதிப்பெண்ணை வைத்து இனி யார் தற்கொலைக்கு முயல்வார்கள் என்று கணிக்காதீர்கள் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022இலேயே சொல்லிவிட்டது. மதிப்பெண் குறைவாக வந்த பிள்ளையை நாம் மறந்துவிடுவோம், அதுதான் பயம். நேராகக் கேட்டால் எண்ணம் முளைக்காது. தனியாக உட்கார வைத்து ‘செத்துடலாம்னு தோணுதாப்பா?’ என்று கேளுங்கள், கேட்டபின் அவன் பேசும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். செல்போனை விடுங்கள். அவன் எழுதியது செலவைப் பற்றி.

என் தொண்டையில் சிக்கியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு சொல்தான். எழுதி வாங்கிக்கொண்டு.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது என் வகுப்பில் ஒரு பெண் ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தாள். பள்ளிக்குத் திரும்பிய அன்று காலையிலேயே அவள் அப்பாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். நான் வகுப்புத் தலைவர், மைப்பெட்டி எடுத்து வரச் சொன்னார்கள். ‘என் மகளுக்கு என்ன நேர்ந்தாலும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று யாரோ எழுதி வைத்திருந்த தாளில் அவர் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலில் ஒட்டிய மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, அடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார். அவள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதமே டிசி. இப்போது அவளுக்குக் கல்லூரி போகிற பையன் இருக்கிறான், நன்றாக இருக்கிறாள். போன வருடம் பேசியபோது ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அப்பாவின் விரலைத்தான் சொன்னாள்.

அந்தத் தாள் யாரைக் காப்பாற்றுகிறது டீச்சர்? தான் ஒரு செலவு என்று எழுதியவனிடம், ஆமாம், இந்தப் பள்ளிக்கும் நீ ஒரு தொல்லைதான் என்று கையெழுத்துப் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். ஆபத்தில் இருக்கிற பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்பது தெரிந்தும், ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பகலில் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? அம்மா வேலைக்குப் போகிறவரா? கேட்டீர்களா? தலைமையாசிரியர் சொன்னார் என்று என்னிடம் சொல்லாதீர்கள், அந்த அறையில் நீங்களும்தான் இருந்தீர்கள். நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கிற கல்வி நிலையத்தில் தகுதியுள்ள ஓர் ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பள்ளியில் அந்த ஆள் எங்கே என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். எழுதி வாங்க வேண்டியது அதைத்தான்.

ஐரோப்பாவில் 168 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததும், கேள்வித்தாள் வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்ததும் சொல்லும்படி பலன் தரவில்லை. பிள்ளைகளையே உட்கார்ந்து பேசவும் நடித்துப் பார்க்கவும் வைத்த வகுப்புகள்தான் ஒரு வருடம் கழித்துத் தற்கொலை முயற்சிகளைக் குறைத்திருந்தன.

சரி, அதெல்லாம் அப்புறம். இன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போங்கள். அவன் அம்மாவிடம், பையன் கெட்டுப்போகவில்லை, வலியில் இருக்கிறான், அடிக்காதீர்கள் என்று சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க நீங்களும் கூடப் போங்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சினேகாவின் எண் 044-24640050. இரண்டையும் அந்த அம்மாவின் போனில் போட்டுக்கொடுங்கள், உங்கள் எண்ணையும் சேர்த்து.

அந்த அறிவியல் நோட்டு இன்னும் ஆபீஸ் பீரோவிலா இருக்கிறது? வாங்கிக்கொண்டு போய் அவன் கையில் கொடுங்கள். திங்கட்கிழமை வகுப்புக்கு அவனுக்கு அது வேண்டும்.