மேல்முறையீடு போட்ட பிறகும் கிரயம் எழுதச் சொல்லி நோட்டீஸ் வருமா?

கேள்வி: வீட்டை விற்பதாக என் தந்தை கிரய ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் வாங்கியிருந்தார். அப்புறம் விற்கவில்லை. வாங்க வந்தவர் வழக்குப் போட்டு சார்பு நீதிமன்றத்தில் ஜெயித்துவிட்டார். அவர் 2 மாதத்தில் பாக்கியைக் கட்ட வேண்டும், நாங்கள் கிரயம் செய்து தர வேண்டும் என்பது தீர்ப்பு. கெடுவுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்துவிட்டோம். இருந்தும் இ.பி.யில் (தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனுவில்) நோட்டீஸ் வந்திருக்கிறது. இது சரியா? நாங்கள் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறோம்.

பதில்: சரிதான். மேல்முறையீட்டை ஏற்று நீதிமன்றம் எண் கொடுத்துவிட்டாலே எல்லாம் நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5 நேர்மாறாகச் சொல்கிறது. மேல்முறையீடு செய்ததால் மட்டும் தீர்ப்பாணையை நிறைவேற்றுவது நிற்காது. அதற்குத் தனியாகத் தடை மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். உங்கள் வக்கீல் அந்த மனுவைப் போட்டாரா என்று இன்றே கேளுங்கள். போட்டிருந்தால் உத்தரவு வந்ததா என்றும் கேளுங்கள். பல வழக்குகளில் மனு எண் ஆகி, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேராமல் அப்படியே வாய்தா ஓடிக்கொண்டிருக்கும்.

தடை கொடுக்கும் முன் நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்க்கும்: தடை இல்லாவிட்டால் உங்களுக்குக் கணிசமான இழப்பு வருமா, காரணமில்லாமல் தாமதித்தீர்களா, கடைசியில் தோற்றால் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதற்கு என்ன உத்தரவாதம் தருகிறீர்கள்.

முதலாவதில்தான் பெரும்பாலான மனுக்கள் சறுக்குகின்றன. 'ஈடுசெய்ய முடியாத நட்டம் ஏற்படும்' என்ற ஒற்றை வரி எல்லா பிரமாணப் பத்திரத்திலும் இருக்கும். அது நீதிபதிக்கு எதையும் சொல்லாது. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், வேறு வீடு உண்டா, கிரயம் பதிவாகி சுவாதீனமும் (வீடு உங்கள் கைவசம் இருப்பதும்) போய்விட்டால் மேல்முறையீட்டில் ஜெயித்தாலும் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். வரி ரசீது, மின் கட்டண ரசீது, ரேஷன் கார்டு நகலையும் இணையுங்கள். மேல்முறையீட்டில் உங்கள் வலுவான வாதம் எது என்பதும் அதில் தெரிய வேண்டும். ஒப்பந்தப்படி பணம் கொடுக்க அவர் தயாராகவே இல்லை என்பது உங்கள் வாதமானால், எந்தச் சாட்சியத்தில் அது வருகிறது என்று குறிப்பிடுங்கள்.

உத்தரவாதத்தை நீதிமன்றம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டை யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ மாட்டோம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். மாதந்தோறும் ஒரு தொகை கட்டச் சொன்னால் கட்ட முடியுமா என்றும் யோசித்து வையுங்கள். முழுத் தடை கிடைக்காது என்று தோன்றினால், சுவாதீனம் எடுப்பதை மட்டுமாவது நிறுத்தி வைக்கும்படி மாற்றுக் கோரிக்கை வைக்கலாம். குடியிருக்கும் குடும்பத்துக்கு அதுவே பெரிய நிம்மதி.

நேரம் குறைவு. நீங்கள் கையெழுத்துப் போட மறுத்தாலும் வேலை நிற்காது. கட்டளை 21, விதி 34-இன்படி வரைவுப் பத்திரம் உங்களுக்கு அனுப்பப்படும். ஆட்சேபம் இருந்தால் குறித்த காலத்துக்குள் சொல்ல வேண்டும். அதன் பிறகு நீதிமன்றமே உங்கள் சார்பில் கையெழுத்திட்டுக் கிரயத்தை முடித்துவிடும். எனவே இ.பி. வாய்தாவுக்கு ஆஜராகாமல் இருந்துவிடாதீர்கள். ஆஜராகி, தடை மனு நிலுவையில் இருப்பதைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். அவசரம் என்றால், எதிர்த்தரப்பைக் கேட்கும் முன்பே இடைக்காலத் தடை தர மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவர்கள் கேவியட் (தங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே தரும் மனு) போட்டிருந்தால் அவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்துதான் கேட்க முடியும்.

தடை கிடைத்த அன்றே, அதை நேரடியாக அறிந்தவராக நீங்களே ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி சார்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். உத்தரவு நகல் வந்து சேரும்வரை சார்பு நீதிமன்றம் அந்தப் பிரமாணப் பத்திரத்தை ஏற்று நடக்க வேண்டும் என்று கட்டளை 41, விதி 5-இன் விளக்கம் சொல்கிறது. இடைப்பட்ட நாட்களில் நிறைவேற்றம் நடந்துவிடாமல் இருக்க இது உதவும்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த 2 மாதத்துக்குள் அவர் பாக்கியைக் கட்டினாரா? கட்டவில்லை என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரி, குறித்தவகைத் தீர்வுச் சட்டம் பிரிவு 28-இன்கீழ் அதே வழக்கில் மனு போடலாம். காலத்தை நீட்டித்துத் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருப்பதால், இதை மட்டும் நம்பி தடை மனுவை விட்டுவிட வேண்டாம்.

தடை மறுக்கப்பட்டு கிரயமும் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மேல்முறையீட்டைக் கைவிடத் தேவையில்லை. பிற்பாடு தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் பிரிவு 144-இன்கீழ் வீட்டைத் திரும்பக் கேட்டு சார்பு நீதிமன்றத்திலேயே மனு செய்யலாம்.