தொட்டியில் விட்ட வெள்ளை ஐசோபாட் எங்கே போயிற்று?

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். க்ரெஸ்டட் கெக்கோ பல்லி வளர்க்கும் பயோஆக்டிவ் தொட்டியில் (மண்ணில் விட்ட சிற்றுயிர்களே கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டி), கழிவைத் தின்னட்டும் என்று 2 மாதத்துக்கு முன் ஐசோபாட் என்ற பல கால் கொண்ட சிற்றுயிரில் குட்டி வெள்ளை வகையை வாங்கி விட்டேன். இப்போது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. செத்துவிட்டனவா? திரும்ப வாங்கவா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். ட்வார்ஃப் வைட் என்று விற்கப்படும் ட்ரைக்கோரைனா டொமென்டோசா, நன்றாக வளர்ந்தாலும் 4, 5 மில்லிமீட்டர்தான். மண்ணுக்குள்ளேயேதான் குடித்தனம். பல்லித் தொட்டிக்கு நான் இதைச் சொல்வதே அதனால்தான். மேலே உலாவும் பெரிய இனங்களைப் பல்லி பொறுக்கித் தின்றுவிடும்.

இன்றிரவு ஒரு வெள்ளரித் துண்டைச் சருகுக்கு அடியில் வைத்து, விடிந்ததும் மெல்லப் புரட்டுங்கள். அரிசிக் குருணைபோல வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் மண்ணில் புதைய ஓடினால் அவைதான். துள்ளினால் அது ஸ்பிரிங்டெயில் என்ற வேறொரு குட்டி மண் உயிரி, அதுவும் நல்லதே.

2, 3 இரவு வைத்தும் ஒன்றும் வரவில்லையா? அப்போது ஈரத்தைத்தான் சந்தேகிப்பேன். இவை பூச்சியல்ல, நண்டு, இறால் வகையறா. வயிற்றடியில் உள்ள செவுள் போன்ற தகடுகளால் மூச்சு விடுகின்றன. அவை காய்ந்தால் உயிர் போய்விடும். உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் வீட்டுக் காற்று வறண்டுவிடும். ஸ்ப்ரே அடித்ததில் இலை பளபளக்கிறதே என்று ஏமாறாதீர்கள். விரலை 2 அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால், ஒரு மூலையில் மட்டும் தண்ணீரை ஊற்றி, மேலே ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசியைப் பரப்புங்கள். முழுத் தொட்டியையும் சேறாக்கினால் மண் நாறும்.

தீனிக்கு, மருந்தடிக்காத ஓக், மேப்பிள் சருகு. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும்: கணவாய் ஓடு ஒரு துண்டு, அல்லது பொடித்த முட்டை ஓடு.

இந்த இனத்தில் பெண்கள் ஆண் துணையின்றியே குஞ்சு பொரிக்கும். முட்டையை வயிற்றுப் பையில் சுமக்கும். ஒன்றிரண்டு பிழைத்திருந்தாலே கூட்டம் மீண்டும் பெருகும், சில மாதம் பிடிக்கும், அவ்வளவுதான். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பாதியை மூடி போட்ட டப்பாவில் தனியாக வளருங்கள். அதில் பெருகியதை அவ்வப்போது தொட்டிக்கு மாற்றலாம். கடைக்காரர் டெய்ரி கவ் என்ற பெரிய ஐசோபாட் வகையையும் சேர்த்துத் தள்ளப் பார்ப்பார். அது பெருந்தீனிக்காரன், இந்தக் குட்டிகளோடு ஒரே தொட்டியில் விட வேண்டாம்.