போர்ட் திறந்தும் வெளியிலிருந்து சர்வர் எட்டவில்லை என்றால்

வணக்கம் நண்பரே. வீட்டு சர்வரின் சாம்பா ஷேர் (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டர்) வீட்டுக்குள் திறக்கிறது, ரவுட்டரில் அதற்கான 445 போர்ட்டைத் திறந்தும் அலுவலகத்திலிருந்து எட்டவில்லை என்கிறீர்கள். முதலில் அந்த 445-ஐ மூடுங்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியது இந்த வாசல் வழியாகத்தான். எட்டாமல் போனது உங்கள் நல்ல நேரம்!

அடுத்து, ரவுட்டரில் வான் (WAN) ஐபியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (CGNAT, இணைய நிறுவனமே நடத்தும் ஐபி பகிர்வு) பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்வதால், உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரவுட்டரோடு மல்லுக்கட்டியவன் நான்.

இதற்கு வழி, உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கும் விபிஎன் (தனிப் பாதுகாப்பு இணைப்பு) செயலியான டெயில்ஸ்கேல் போடுங்கள். சர்வரிலும் லேப்டாப்பிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழைந்தால் போதும். இரண்டும் உள்ளிருந்தே வெளியே போய்ச் சந்தித்துக்கொள்வதால் போர்ட் திறக்கும் வேலையே இல்லை. அது தரும் முகவரியும் 100-இல்தான் தொடங்கும், குழம்பாதீர்கள். ஷேரைத் திறக்க இனி அந்த முகவரியைக் கொடுங்கள்.

மறக்காமல் டெயில்ஸ்கேலில் சர்வருக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை (உள்நுழைவு காலாவதியாவதை) நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் 180 நாளில், நீங்கள் வெளியூரில் இருக்கும்போது பார்த்து இணைப்பு அறுந்துவிடும். பெரிய வீடியோ மெதுவாக வந்தால் வீட்டு இணைப்பின் அப்லோடு வேகத்தைச் சோதியுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் நிறுவுவதற்கு முன் ஐடி ஆட்களிடம் கேட்டுவிடுங்கள். வான் ஐபி எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.