எள்ளும் முட்டையும் செய்த குற்றம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 48 வயது. பள்ளி ஆசிரியை. மாதவிலக்கு நின்று ஏழெட்டு மாதம் ஆகிறது. கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து குபீரென்று அனல் ஏறி முகமெல்லாம் வேர்த்துவிடுகிறது. இரண்டு மூன்று நிமிடம்தான், அப்புறம் குளிரெடுக்கிறது. ராத்திரி எழுந்து நைட்டி மாற்றாத நாள் இல்லை. உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று மாமியார் எள், முட்டை, கொள்ளு, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். நான்கு மாதமாக இளநீரும் வெந்தயமும்தான். காலையில் இரண்டு இட்லி, மதியம் தயிர்சாதம், இரவு எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் பத்தரைக்கு மீதி இருப்பது. நாலு தடவை காபி. கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒரு சோயா பவுடர் டப்பா வாங்கச் சொல்கிறார், மாதம் 2,400 ரூபாய் ஆகும். வாங்கலாமா? பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள டீச்சர்,

டப்பா வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு செலவு வைக்கிறேன்.

முதலில் மாமியார் சொல்கிற சூட்டைப் பார்ப்போம். கண் எரிந்தாலும் சூடு, நீர்க்கடுப்பு வந்தாலும் சூடு, கட்டி வந்தாலும் சூடு என்பது நம் வழக்கம். அவர் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் உங்களுக்கு வருவது வேறு சமாச்சாரம். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம் உடம்பின் வெப்பத்தைக் காவல் காக்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது இந்தக் காவல்காரர் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுகிறார். முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட துளி வெப்பத்துக்கும் இப்போது ஊரைக் கூட்டுகிறார். தோலில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வேர்வை கொட்டுகிறது, வெளியேற வேண்டாத வெப்பம் வெளியேறிவிடுகிறது. அதனால்தான் பின்னாலேயே குளிர் வருகிறது. எள் தின்று ஏறிய சூடாக இருந்தால் குளிரெடுப்பானேன்?

எனக்கு வருத்தம், நிறுத்திய பட்டியலைப் பார்த்துத்தான். இந்த வயதில் எது வேண்டுமோ அதையே பொறுக்கியெடுத்து நிறுத்தியிருக்கிறீர்கள். எலும்பைக் கரையாமல் பிடித்து வைத்திருப்பதும் ஈஸ்ட்ரோஜன்தான். அது போகிற முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேய்கிறது, தசையும் கூடவே குறைகிறது. வேர்ப்பதாவது ஊருக்குத் தெரிகிறது. எலும்பு தேய்வது குளியலறையில் வழுக்கி விழும்வரை யாருக்கும் தெரியாது.

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அளவு. 100 மில்லி பசும்பாலில் கிடைப்பது சுமார் 120. 100 கிராம் கேழ்வரகில் 350-ஐ ஒட்டி. தோல் நீக்காத எள்ளில் 100 கிராமுக்கு ஆயிரத்தைத் தாண்டும். அதில் உடம்பு எடுத்துக்கொள்வது ஒரு பங்குதான் என்றாலும் எள்ளைச் சும்மா ஒதுக்க முடியாது. முள்ளோடு தின்கிற நெத்திலியும் அப்படித்தான் (கருவாடு என்றால் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்). தசைக்குப் புரதம். உங்கள் ஒரு நாளில் தயிரையும் இட்லியின் உளுந்தையும் விட்டால் புரதம் எங்கே இருக்கிறது? காலையில் இட்லியோடு ஒரு முட்டை, மதியம் டப்பாவில் சுண்டலோ கெட்டிப் பருப்போ, வாரம் இரண்டு நாள் மீன். திருநெல்வேலிப் பக்கம் வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கருப்பட்டி, நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். இடுப்புக்குப் பலம் என்பார்கள். வயதுக்கு வரும்போது கொடுத்ததை இப்போது ஏன் மறந்துவிடுகிறோம் என்று எனக்கு விளங்கவே இல்லை. சர்க்கரை இருந்தால் கருப்பட்டியில் மட்டும் கை அடங்கட்டும்.

இதையெல்லாம் சாப்பிட்டால் வேர்ப்பது நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. உணவால் அதை நிறுத்துகிறேன் என்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். நானும் 50 வயதில் ஆளி விதையை வறுத்துப் பொடித்து ஆறு மாதம் மோரில் கலந்து குடித்தவள்தான். குறைந்தாற்போலத்தான் இருந்தது. அப்புறம்தான் படித்தேன்: அமெரிக்காவில் ஒரு அணிக்கு ஆளி விதை சேர்த்த தின்பண்டமும், இன்னொரு அணிக்கு அது இல்லாததும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு அணியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைந்திருக்கிறது!

சோயாவில் விஷயம் கொஞ்சம் இருக்கிறது. அதிலுள்ள ஐசோஃபிளேவோன் என்ற பொருள் ஈஸ்ட்ரோஜனைப் போல லேசாக நடிக்கும். குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள் அதை ஈக்வால் என்ற பொருளாக மாற்றுகின்றன. அந்த பாக்டீரியாக்கள் எல்லோர் குடலிலும் இருப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, ஆய்வுகளில் ஒன்று பலன் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. 2021-இல் வந்த ஓர் ஆய்வில் தினம் அரை கப் சோயா பீன்ஸ் சாப்பிட்டவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. ஆனால் மொத்தம் 38 பேர்தான், அதிலும் சோயா அணியினர் பால், கறி, எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றியிருந்தார்கள். ஆசையாக இருந்தால் மளிகைக்கடையில் சோயா பயறு வாங்கி ஊறவைத்துச் சுண்டல் செய்யுங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவராக இருந்தால் அதற்கும் சோயா, பால், காபிக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள்.

காபி பலருக்கு இந்த அனலைக் கிளப்பிவிடும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள்: எப்போது வேர்த்தது, அதற்கு முன் என்ன குடித்தீர்கள், காரம் எவ்வளவு. மாலை காபியை மட்டுமாவது விட்டால் தூக்கத்துக்கு நல்லது. எடை கூடியிருந்தால், அது குறையும்போது அனலும் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதையும் மீறித் தூக்கம் போகிறதென்றால் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவை ஈடுகட்ட ஹார்மோன் மாத்திரை உண்டு. 2002-இல் அமெரிக்காவில் அதைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வு நடுவில் நிறுத்தப்பட்டதிலிருந்து அந்த மாத்திரை என்றாலே புற்றுநோய் என்று எல்லோருக்கும் ஒரு பயம். 60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் இருக்கிற ஆரோக்கியமான பெண்கள் பெரும்பாலோருக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்பதுதான் இப்போதைய கருத்து. உங்களுக்கு ஒத்துவருமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன. ஒரு வருடம் முழுசாக நின்றபின் திரும்ப ரத்தம் பட்டால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக அந்தப் பத்தரை மணி. பவுடரின் விலைவரை எழுதியவர், 'மீதி இருப்பது' என்பதை இரண்டு சொல்லில் கடந்துவிட்டீர்கள். நாளை இரவு எட்டு மணிக்கு உங்கள் தட்டிலும் முட்டையைப் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு உட்காருங்கள். மாமியார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.