இறுதிப் போட்டியின் நடுவே விளம்பரம் போட்டால் புதிய கேம் கன்சோல் விற்குமா?

விற்கும், பார்த்த கணத்திலேயே பொருள் விளங்கினால். ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோ 2017 பெப்ரவரி 5 அன்று, அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில், ஸ்விட்ச் என்ற தன் புதிய கன்சோலை விளம்பரப்படுத்தியது. மார்ச் 3 அன்று அது கடைக்கு வந்தது. தொலைக்காட்சியில் ஆடிய விளையாட்டை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போகலாம். இது குழந்தைக்கும் புரியும். 2012இல் வந்த நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான வீ யூவையோ, அதற்கும் பழைய வீ கன்சோலின் துணைக்கருவி என்றே பலர் நினைத்தார்கள். அதன் விற்பனை 14 மில்லியனை எட்டவில்லை. ஸ்விட்ச் 150 மில்லியனைத் தாண்டியது. எல்லாப் புகழும் விளம்பரத்துக்கல்ல. நிண்டெண்டோவின் புகழ்பெற்ற செல்டா தொடரின் புதிய விளையாட்டும் ஸ்விட்ச் வந்த அதே நாளில்தானே வந்தது!

கொழும்பில், கிரிக்கெட் இறுதிப் போட்டி விளம்பரம் ஒரு தகப்பனைப் பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசா வரை இழுத்துவரலாம். மகன் பெட்டியை அணைத்துக்கொண்டு நிற்பான், அவரோ விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, “உத்தரவாதம் யார் தருவது?” என்று கேட்பார்.