சவுண்ட்பாருக்கு முன்னால் ரிமோட்டை எடுங்கள்

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கம். தீபாவளிக்கு வேலூர் போய் 55 இன்ச் 4கே டிவி வாங்கி வந்தோம். கடையில் பார்த்தபோது கண்ணைப் பறித்தது. வீட்டில் ஓடிடியில் படம் போட்டால் சீரியல் பார்ப்பது போலவே இருக்கிறது. ஆட்கள் வழுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, பேசுவது காதில் விழுவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நிமிடமே சண்டையோ பாட்டோ வந்து, பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்க்கிறார். கடையில் கேட்டால், 14,000 ரூபாய்க்கு ஒரு சவுண்ட்பார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரரோ, 'இப்போ வர்ற படமே அப்படித்தான், யாரும் வாயைத் திறந்து பேசறதில்லை' என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. உங்கள் டிவி இன்னும் கடையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. அதை வீட்டுக்கு அழைத்து வர ரிமோட்டும் அரை மணி நேரமும் போதும். அதுவரை 14,000 ரூபாய் பீரோவிலேயே இருக்கட்டும்.

முதலில் அந்தச் சீரியல் விவகாரம். சினிமா நொடிக்கு 24 பிரேம்களாக, அதாவது 24 தனித்தனிப் படங்களாக, எடுக்கப்படுகிறது. பெரும்பாலான டிவி திரைகளோ நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்கின்றன. டிவிக்குள் இருக்கும் சிப், இரண்டு பிரேம்களுக்கு நடுவே இருந்திருக்க வேண்டியது இதுதான் என்று தானே ஊகித்து, புதிதாகப் பிரேம்களைச் செய்து செருகுகிறது. ஒளிப்பதிவாளர் எடுக்காத, எடிட்டர் பார்க்காத பிரேம்கள் அவை. டிவிக்கென்று வீடியோ கேமராவில் எடுத்தவை காலங்காலமாக நொடிக்கு 50 அசைவுகளோடு வந்ததால், அந்த வழுவழுப்பை நம் கண் சீரியலோடு சேர்த்துப் பழகிவிட்டது. அதே வழுவழுப்பு சினிமாவுக்கு வந்ததும் கோடி ரூபாய் செட்டும் அட்டையாகத் தெரிகிறது. கம்பி போட்ட ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் நடந்துபோகும் காட்சியை உற்றுப் பாருங்கள். அவர் தோளை ஒட்டிக் கம்பிகள் நெளியும், சில இடங்களில் அறுந்து சேரும். சிப் தப்பாக ஊகித்த இடங்கள் அவை.

இதற்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, மற்ற பலவற்றில் எம்இஎம்சி. செட்டிங்ஸ், பிக்சர், அதற்குள் அட்வான்ஸ்டு அல்லது எக்ஸ்பர்ட் என்று போனால் அகப்படும். ஆஃப் செய்யுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டும் என்று வீட்டில் யாராவது கேட்டால், ஸ்போர்ட்ஸ் மோடில் மட்டும் குறைந்த அளவில் விட்டுவைக்கலாம். சினிமாவுக்குக் கூடவே கூடாது. 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் இந்த ஒரு விஷயத்துக்காகவே வீடியோ வெளியிட்டு, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே, இயக்குநர்களின் ஆதரவோடு 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற ஒன்றை அறிவித்தார்கள். உங்கள் டிவியில் அது இருந்தால் அதையே வையுங்கள். இந்தச் செருகல் வேலை அதில் தானாகவே நின்றுவிடும். இல்லாவிட்டால் சினிமா அல்லது மூவி மோட்.

மோட் மாற்றியதும் படம் மஞ்சளடித்துத் தெரியும். பயந்து திரும்பப் போய்விடாதீர்கள், நிறையப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். கடையில் வைத்திருந்த விவிட் அல்லது டைனமிக் மோட், சுற்றிலும் எரியும் விளக்குகளையும் பக்கத்திலிருக்கும் இருபது டிவிகளையும் மீறிக் கண்ணை இழுப்பதற்கானது. அதன் வெள்ளை நீலத்தில் தோய்ந்தது. அதற்குப் பழகிய கண்ணுக்கு நல்ல வெள்ளை மஞ்சளாகப் படும். இரண்டு மூன்று நாள் பாருங்கள், பிறகு பழைய மோடுக்குப் போனால் முகமெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். ஷார்ப்னஸையும் குறையுங்கள். பெரும்பாலான டிவிகளில் பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில். சோனியில் 50தான் நடுநிலை. கூட்டினால் விவரம் கூடாது, ஓரங்களில் வெள்ளைக் கோடு மட்டும் விழும். சப்டைட்டில் எழுத்துகளைச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். டைனமிக் கான்ட்ராஸ்ட், நாய்ஸ் ரிடக்‌ஷன், பவர் சேவிங் மூன்றும் ஆஃப்.

இரண்டு இடத்தில் கோட்டை விடுவார்கள். ஒன்று, பல டிவிகள் சாதாரணப் படத்துக்கு ஒரு செட்டிங், எச்டிஆர் (வெளிச்சமும் நிழலும் கூடுதல் விவரத்தோடு வரும்) படத்துக்கு ஒன்று, அதிலேயே ஒரு வகையான டால்பி விஷனுக்கு ஒன்று என்று தனித்தனியே வைத்துக்கொள்ளும். டிவியின் பின்னால் ஒயர் சொருகும் எச்டிஎம்ஐ துளை ஒவ்வொன்றுக்கும் தனி. செட்டாப் பாக்ஸ் ஓடும்போது மாற்றினால் ஓடிடிக்கு அது போய்ச் சேராமல் இருக்கலாம். ஓடிடியில் ஒரு எச்டிஆர் படத்தை ஓடவிட்டு, அதன் நடுவிலேயே செட்டிங்ஸைத் திறந்து மாற்றுங்கள். இன்னொன்று, மாற்றி வைத்தது சிறிது நேரத்தில் தானே பழையபடி ஆகிறதென்றால், டிவியைப் பொருத்திக் கொடுத்தவர் தொடக்கத்தில் 'ஹோம்' என்பதற்குப் பதில் 'ஸ்டோர்' அல்லது 'ரீடெய்ல்' மோடைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று அர்த்தம். ஜெனரல் அல்லது சிஸ்டம் பகுதியில் அதை ஹோம் என்று மாற்றுங்கள்.

செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட மூன்று ஒயர் போகிறதா என்றும் பாருங்கள். எச்டி பாக்ஸுக்குப் பணம் கட்டிக்கொண்டு அந்த ஒயரில் பார்க்கும் வீடுகள் ஏராளம். அதில் 576 கோடுகளுக்கு மேல் வராது. எச்டிஎம்ஐ ஒயர் ஒன்று போதும்.

ஓடிடியில் எந்தத் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நெட்ஃபிளிக்ஸில் 2021 டிசம்பரில் குறைத்த விலைப்படி 199 ரூபாய்த் திட்டம் 720 கோடுகள், 499 என்றால் ஃபுல் எச்டி, 4கே வேண்டுமானால் 649. 4கே டிவி வாங்கிவிட்டோமே என்று உடனே 649-க்குத் தாவ வேண்டாம். 55 இன்ச் திரையின் அகலம் சுமார் 122 சென்டிமீட்டர். ஃபுல் எச்டி படத்தில் ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர் வரும். சோபா பத்தடி தள்ளி இருந்தால், நல்ல பார்வை உள்ளவர் கண்ணுக்கும் சுமார் 0.9 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஏழடிக்குள் உட்கார்ந்தால்தான் 4கே தன் வேலையைக் காட்டத் தொடங்கும். நடுவில் படம் மங்கி மங்கித் தெளிந்தால் குற்றம் வைஃபையில். 4கே-வுக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 15 எம்பிபிஎஸ், ஃபுல் எச்டிக்கு 5. வீட்டுக்கு 100 வந்தாலும், முன்னறை ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர் தாண்டி டிவிக்கு வருவது வேறு கணக்கு. பத்து மீட்டர் லேன் ஒயர் இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இனி, வசனம். உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்று சொல்லுங்கள்: தமிழில் பெரும்பாலான படங்களுக்கு இன்னமும் டப்பிங் தியேட்டரில், மைக்குக்கு அருகே நின்றுதான் குரல் பதிவாகிறது. படத்துக்குள் வசனம் தெளிவாகவே இருக்கிறது. உங்கள் ஹாலுக்கு வரும் வழியில்தான் அது தொலைகிறது.

தியேட்டரில் வசனத்துக்கென்று திரைக்குப் பின்னால் நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு. 5.1 என்று போட்டிருப்பதில் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமாக ஆறு தனித்தனி ஒலிச் சேனல்கள்) அந்த நடு சேனலில்தான் பெரும்பாலும் பேச்சு வரும். இசையும் சத்தங்களும் பக்கவாட்டில். உங்கள் டிவியிலோ இரண்டே சின்ன ஸ்பீக்கர், அதுவும் அநேகமாகக் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ. ஆறு சேனலை இரண்டுக்குள் திணிக்கும்போது பேச்சும் வயலினும் மழையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அதனால் படம் ஓடும்போது ஆடியோ மெனுவைத் திறந்து, 'தமிழ் 5.1' இருக்கும் இடத்தில் வெறும் 'தமிழ்' அல்லது ஸ்டீரியோ இருந்தால் அதற்கு மாற்றுங்கள். எல்லாப் படத்திலும் அந்த வசதி இருக்காது. டிவியின் சவுண்ட் பகுதியில் கிளியர் வாய்ஸ், டயலாக் என்ஹான்ஸர், வாய்ஸ் ஸூம் என்று ஏதாவது ஒன்று இருக்கும், ஆன் செய்யுங்கள். விர்ச்சுவல் சரவுண்ட் ஆஃப். பேஸை (கனத்த அடித்தொனியை) குறையுங்கள். சண்டைக்காட்சித் தொல்லைக்கு நைட் மோட் அல்லது ஆட்டோ வால்யூம்: மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். தியேட்டருக்காகக் கலந்த ஒலியின் ஏற்ற இறக்கம் அதில் கொஞ்சம் போகும். இரவு பத்து மணிக்குக் குடும்பத்தோடு பார்க்கையில் அது போகலாம்.

அடுத்தது உங்கள் ஹால். இதை எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை. கான்கிரீட் தளம், வழுவழு டைல்ஸ், பெயின்ட் அடித்த வெறும் சுவர். நம் பக்கத்துப் புதுவீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். ஹால் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் 'ணங்' என்று ஒரு வால் நீண்டால், வசனத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த வால் இருக்கிறது. முந்தைய எழுத்தின் வால் அடுத்த எழுத்தை மூடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் வாலும் சேர்ந்து கூடும், அதனால்தான் எவ்வளவு வைத்தும் புரிவதில்லை. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான ஜமக்காளம், ஜன்னலுக்கு மெல்லிய நெட் துணி இல்லாமல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரை. இரண்டும் போட்டுவிட்டு மறுபடி கை தட்டிப் பாருங்கள். அப்புறம் ஃபேன். சித்திரை வைகாசியில் வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஐந்தில் ஓடும் பழைய ஃபேனின் இரைச்சல் ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகளை விழுங்கும். நாலில் வைக்க முடிகிற மாதங்களில் நாலில் வையுங்கள்.

டிவியை ஷோகேஸுக்கு மேலே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டியிருந்தால் கீழே இறக்குங்கள். உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரம் திரையின் நடுவுக்கு வர வேண்டும். கழுத்துக்கு மட்டுமல்ல, பல திரைகளில் கறுப்பு நிறம் கோணம் மாறினால் சாம்பலாகிவிடும்.

இவ்வளவும் செய்து, ஒரு வாரம் பார்த்து, இன்னும் வசனம் புரியவில்லையென்றால் சவுண்ட்பார் வாங்குங்கள். உங்களுக்கு வேண்டியது 3.1 அல்லது அதற்கு மேல். அந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் பேச்சுக்கான ஸ்பீக்கர். 2.1 என்பது இரண்டு ஸ்பீக்கரும், கனத்த அடித்தொனிக்கான சப்வூஃபர் ஒன்றும். இடி கூடும், வசனம் இருந்த இடத்திலேயே இருக்கும். கடையில் காட்டுவது எதுவென்று பெட்டியின்மேல் பார்த்துவிட்டுப் பணம் எடுங்கள். பிஎம்பிஓ என்ற ஊதிப் பெருக்கிய கணக்கில் ஆயிரக்கணக்கான வாட்ஸ் எழுதிய ஹோம் தியேட்டர் செட் வேண்டவே வேண்டாம். அந்த எண்ணுக்கு ஒலியின் தரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கெங்கையம்மன் திருவிழாவுக்கு வாசலில் பாட்டுப் போட உதவும், ஹாலில் வசனம் கேட்க உதவாது.

வாங்கினால் டிவியில் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில்தான் சொருக வேண்டும். மற்ற துளைகளில் சொருகினால் சத்தம் வராது, பார் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வேலூருக்கு ஓடுவீர்கள். டிவி செட்டிங்ஸில் சிஇசி ஆன் செய்தால் ஒரே ரிமோட்டில் இரண்டும் ஓடும். புளூடூத்தில் இணைக்காதீர்கள், உதடு முன்னால் போய்ப் பேச்சு பின்னால் வரும். நடு ஸ்பீக்கர் உள்ள பாரில் ஆடியோ மெனுவை மறுபடி 'தமிழ் 5.1'-க்கு மாற்றிவிட வேண்டும். ஸ்டீரியோவிலேயே விட்டுவிட்டால், காசு கொடுத்து வாங்கிய அந்த நடு ஸ்பீக்கருக்குத் தனிப் பேச்சு போய்ச் சேராது.